ஆய்வகத்திலிருந்து ஆராய்ச்சி அலுவலகத்துக்கு

நண்பர்களே, வணக்கம். முனைவர் பட்டம் பெற்ற பிறகும் சில ஆண்டுகளை ஆய்வகத்தில் கழித்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். நிர்வாகப் பணிக்குப் போனால் அறிவியலைக் கைவிட்டதாக ஆகிவிடுமா என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கும். நெறியாளரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி அது.

1975இல் நோபல் பரிசு பெற்ற உயிரியலாளர் டேவிட் பால்டிமோர், 1997 முதல் 2006 வரை கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் தலைவராக இருந்தார். மூலக்கூறு உயிரியலாளர் ஷெர்லி டில்மன் 2001 முதல் 2013 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை நடத்தினார். ஆனால் இவர்களைக் காட்டி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. அவர்கள் மாடியில் ஏறியவர்கள். நம்மில் பெரும்பாலோர் நுழைவது ஆராய்ச்சி அலுவலகத்தின் நல்கைப் பிரிவில்தான், அதாவது ஆய்வுகளுக்கான நிதியுதவியைக் கவனிக்கும் பிரிவில்.

அங்கே என்ன வேலை? கெடு முடியும் தறுவாயில் ஒரு விண்ணப்பம் வந்து சேரும். வரவுசெலவுப் பக்கத்தைப் புரட்டினால், ஆய்வு மாதிரிகளை உறைநிலையில் காக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று கேட்டிருப்பார்கள். விலை சரி, கூட்டல் சரி. கணக்கர் அத்தோடு ஒப்புதல் கொடுத்துவிடுவார். நீங்கள் கொடுக்க மாட்டீர்கள். அதை எந்த அறையில் வைப்பது? மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா? உத்தரவாதக் காலம் முடிந்ததும் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது? நள்ளிரவில் அபாய மணி அடித்தால் யார் ஓடி வருவது? மாதிரிகள் உருகிப்போனால் என்ன ஆகும் என்று அறிந்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும். விலங்குச் சோதனையை முதல் மாதமே தொடங்குவதாகக் கால அட்டவணை சொன்னால், நெறிமுறைக் குழுவின் அனுமதி அதற்குள் வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். அறிவியல் அங்கே இப்படித்தான் பயன்படுகிறது.

மறைமுகச் செலவு என்று பல்கலைக்கழகம் நல்கையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்போது இத்தனை நாள் முணுமுணுத்தீர்கள். இனி அதற்கு நீங்களே விளக்கம் சொல்ல வேண்டும்: மின்கட்டணம், கழிவகற்றல், நூலகச் சந்தா. உங்கள் சம்பளமும் பெரும்பாலும் அதில்தான் அடங்கும்; அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

இழப்பு இல்லாமல் இல்லை. நீங்கள் செம்மைப்படுத்திய திட்டத்துக்கு நிதி கிடைக்கும், கட்டுரை வரும், அதில் உங்கள் பெயர் இருக்காது. நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்தவர், "நம் ஆள்தானே" என்று உரிமையோடு வருவார். அவரிடமும் முடியாது என்று சொல்ல நேரும். உங்கள் பழைய ஆய்வகத்தின் கோப்பு வந்தால், அதை இன்னொருவரிடம் தள்ளிவிடுவதே முறை.

சோதனைகள் சலித்துப்போனதால் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள் என்பேன். ஒரு முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் குழுக்கூட்டங்கள் அதைவிடச் சலிப்பானவை. வேறு துறையின் கருத்தரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆர்வத்தோடு கேட்பவரா நீங்கள்? அப்படியானால் தயங்காமல் வாருங்கள்.

வருவதற்கு முன்னால், சக ஆய்வாளர் ஒருவரின் விண்ணப்பத்தை வாங்கித் திருத்திப் பாருங்கள். ஆய்வகப் பாதுகாப்புக் குழு ஒன்றில் உறுப்பினராக இருந்து பாருங்கள். நேர்காணலில், பணி நிரந்தரமா, திட்ட நிதியோடு முடிந்துவிடுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வெளியீடுகளில் இடைவெளி விழுந்துவிட்டால் ஆய்வகத்துக்குத் திரும்புவது கடினம். ஆகவே, பாதியில் நிற்கும் கட்டுரைகளைப் பணியில் சேர்வதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி முடிப்பதாகச் சொன்ன பலரை எனக்குத் தெரியும், முடித்தவர்கள் அரிது.