அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டது, பிள்ளைகள் இனி நாள் முழுக்க வீட்டில்தான், அதனால் அவர்களுக்குச் சமையல் பழக்குவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பிள்ளைகளைப் பற்றியதுதான், ஆனால் திட்டு விழப்போவது உங்களுக்கு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"எங்க வீட்டுப் பொண்ணு சமையல்ல கூடமாட ஒத்தாசை பண்ணும்" என்று பெருமையாகச் சொல்கிறோம். என்ன ஒத்தாசை? பூண்டு உரிக்கும், கீரை ஆயும், துருவிய தேங்காயில் ரெண்டு வாய் தின்னும். பத்து வருஷம் பூண்டு உரித்தாலும் பூண்டு உரிக்கத்தான் வரும். புளி எவ்வளவு, தீயை எப்போது குறைக்க வேண்டும், உப்பு தூக்கலாகிவிட்டால் என்ன செய்வது, எப்போது இறக்குவது, இந்த முடிவுகள்தானே சமையல், அதையெல்லாம் நாம் கையை விட்டு இறக்குவதே இல்லை. அதனால் ஒன்றே ஒன்றைப் பிள்ளையிடம் முழுசாக விடுங்கள். ரசமோ உப்புமாவோ, என்ன செய்யலாம் என்று யோசிப்பதிலிருந்து அடுப்பு மேடையைத் துடைப்பது வரை அவர்கள் பொறுப்பு.

என் அக்கா பையன், ஏழாவது முடித்தவன், ரசம் வைத்தான். பாட்டியிடம் புளி எவ்வளவு என்று கேட்டால் "நெல்லிக்காய் அளவு" என்கிறார். பெரு நெல்லியா அரை நெல்லியா என்று அவன் கேட்கிறான், நியாயமான கேள்வி, பாட்டிக்குத்தான் கோபம் வந்துவிட்டது. நம் கண்ணளவெல்லாம் பல வருஷம் செய்த கைக்குத்தான் சரிப்படும், புதுசாக நிற்கிற பிள்ளைக்கு முதல் நாலைந்து தடவை ஸ்பூன், டம்ளர் கணக்கில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் அவன் உப்பை ரெண்டு முறை போட்டுவிட்டான். பாட்டி உள்ளே பாயப் பார்த்தார், அக்கா பிடித்து நிறுத்தினாள். அவனே வாயில் விட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, தண்ணீர் ஊற்றி, இப்போது சப்பென்று ஆகிவிட்டதே என்று இன்னொரு தக்காளியைப் பிசைந்து போட்டு, மிளகை நுணுக்கிச் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கினான். ரசம் சுமார்தான். ஆனால் உப்பு போடுமுன் சுவை பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தீயைப் பற்றிய பயம். அது நியாயமான பயம், அதனால்தான் ஒளித்து வைக்காமல் சொல்லித்தர வேண்டும். எத்தனை வயதில் அடுப்பைத் தொடவிடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், வயதோடு உயரத்தையும் பாருங்கள். மேடை பிள்ளையின் தோள் உயரத்துக்கு இருந்தால் கொதிக்கிற எண்ணெய் நேரே முகத்துக்குத்தான் தெறிக்கும். முக்காலி போட்டு ஏற்றுவது அதைவிட மோசம், வழுக்கினால் பிடிக்கக் கை போவது வாணலியைத்தான். அந்த உயரம் வரும்வரை அடுப்பில்லாத வேலையே ஏராளம், தயிர்சாதம் பிசையலாம், சப்பாத்தி மாவு பிசையலாம், சுண்டலுக்கு மாங்காய் நறுக்கலாம். உயரம் வந்த பிறகும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு வருகிற தூரத்தில். பக்கத்திலேயே நின்று "குறை, குறை, தீயைக் குறை" என்று ஓதுவது வேறு, அது வேண்டாம்.

காரணம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். கடுகு ஏன் வெடிக்கிறது? உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிக்கிறது. கறிவேப்பிலையைக் கழுவிய ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் படபடவென்று தெறிப்பதும் அதே கதைதான், துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும்: அடுப்பை அணை, முடிந்தால் மூடியால் மூடு, உடனே பெரியவரைக் கூப்பிடு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் விளக்கு, ஃபேன் எந்த சுவிட்சையும் தொடாமல், போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னல் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். 1906 என்ற அவசர எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், பற்பசையும் இங்க்கும் ஐஸும் வேண்டவே வேண்டாம்.

இப்போது கேக். பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான், "சோறு வடிக்கத் தெரியாது, அதுக்குள்ள கேக்கா" என்று நாம் நக்கலடிக்கிறோம். நான் கேக் கட்சி. ரசத்தை நடுவில் சரிசெய்யலாம், கேக்கை அடுப்பில் வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது, அதனால் அளந்து போடும் பழக்கம் தானாக வந்துவிடும். ஓவன் இல்லாத வீட்டில் பழைய குக்கர் போதும்: கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் விடாமல், அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். கழற்றியதைப் பெரியவர் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். முட்டை இல்லாத கேக்கில் சமையல் சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்த உடனே குமிழ் விட ஆரம்பித்துவிடும், அதனால் கலந்த மாவை வைத்துவிட்டு போன் பார்க்கப் போகக் கூடாது. வெந்ததா என்று பாதியில் மூடியைத் திறந்தால், மாவு இன்னும் கெட்டிப்படாத நேரத்தில் சூடு இறங்கி, நடு அமுங்கிவிடும். பொறுமை பற்றி நாம் எத்தனை தடவை உபதேசம் செய்திருக்கிறோம், ஒரு அமுங்கின கேக் அளவுக்கு எதுவும் வேலை செய்ததில்லை.

பையன்களைப் பற்றித் தனியாகப் பேசவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஜப்பானில் தொடக்கப்பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆண், பெண் எல்லோருக்கும் மனையியல் என்று ஒரு பாடம் உண்டு, சோறும் மிசோ சூப்பும் வைக்கப் பழக்குகிறார்கள், அரிசி கொதிப்பதும் தண்ணீர் வற்றுவதும் தெரிய வேண்டும் என்று கண்ணாடிப் பாத்திரத்தில் வேகவைக்கிற பள்ளிகளும் உண்டு. நாம் இருபத்திரண்டு வயதுப் பையனை பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்டு, அவன் வீடியோ காலில் "அம்மா, பருப்புக்கு எத்தனை விசில்" என்று கேட்பதைச் செல்லமாகச் சொல்லித் திரிகிறோம்.

இந்த வாரம் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டை ஒப்படைத்துப் பாருங்கள். என்ன வந்தாலும் அதைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும், அப்பாவுக்குத் தனியாகத் தோசை கிடையாது. கேள்வி நேரத்துக்கு வருவோம், பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், மைக்கை அங்கே கொடுங்கள்.