காட்டு ஜின்செங்: ஐந்து சிற்றிலை மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம்.

ஜின்செங் என்றால் நம்மில் பலருக்கு மருந்துக்கடை மாத்திரைதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் சீன மருந்துக் கடைகளில் காய்ந்த வேராகவே பார்த்திருப்பீர்கள். அந்த வேர்களில் ஒரு பகுதி வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் தானாக முளைத்த செடிகளிலிருந்து வருகிறது. மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி, வட கரோலினா பக்கம் அதை ‘சேங்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தக் காட்டுத் தரையில் மண்டிக் கிடக்கும் செடிகளுக்கு நடுவே ஜின்செங்கைப் பிரித்து அறிவது எப்படி என்று இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இதில் கவனம் ஏன் இவ்வளவு தேவை? ஜின்செங்கில் விலைபோவது வேர்தான். வேரைத் தோண்டினால் செடி போச்சு. ‘தோண்டிப் பார்ப்போம், இல்லையென்றால் விட்டுவிடுவோம்’ என்பது இங்கே நடக்காது. எல்லா முடிவும் மண்ணுக்கு மேலேயே எடுத்தாக வேண்டும்.

முதலில் செடியைச் சொல்கிறேன். கிளையே இல்லாத ஒற்றைத் தண்டு, அதிகம் போனால் முழங்கால் உயரம். தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து இலைக்காம்புகள் சுற்றிலும் விரிகின்றன. வளர்ந்த செடிக்கு மூன்று அல்லது நான்கு கூட்டிலைகள், அதாவது பல சிறு இலைகள் சேர்ந்து ஒரே இலையாக அமைந்தவை. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள். நம்மூர் நொச்சி இலையைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: ஐந்தும் ஒரே இடத்தில் சேரும், மேல் மூன்று பெரிது, அடியில் இரண்டு சிறிது. ஜின்செங்கில் அந்த அடி இரண்டும் மிகவும் சிறியவை. ஓரம் ரம்பப் பல் போல இருக்கும், நுனி கூராக நீளும். காம்புகள் சேரும் அதே புள்ளியிலிருந்து ஒரே ஒரு பூந்தண்டு மேலே எழும். கோடையில் வெளிர்பச்சைப் பூக்கள், கோடை முடியும்போது கொத்தாகச் செக்கச் சிவந்த பழங்கள்.

தவறு நேர்வது எங்கே என்றால், சிற்றிலைகளை எண்ணி ஐந்து வந்ததும் நிறுத்திவிடுவதில்தான். அந்தக் காட்டில் ஐந்து சிற்றிலை உள்ள செடிகளுக்குக் குறைவே இல்லை. ஆகவே எண்ணுவதைவிட, எது எங்கே சேர்கிறது என்று பாருங்கள். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. கைபேசியில் மேலிருந்து படம் எடுத்து அடையாளம் தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: மேலிருந்து எடுத்த படத்தில் அந்த மூட்டு தெரியாது. குனிந்து பக்கவாட்டில் எடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது வர்ஜீனியா கிரீப்பர் என்ற கொடி. அதன் ஐந்து சிற்றிலைகளும் ஒரே இடத்தில்தான் சேரும், ஓரத்திலும் பல் உண்டு. ஆனால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவு. மரத்தில் ஏறியிருந்தால் யாருக்கும் குழப்பம் வராது. தரையில் படரும்போது கொடி சருகுக்குள் மறைந்து, இலை மட்டும் தனிச்செடி போல நிமிர்ந்து நிற்கும். அப்போது இலைக்காம்பைப் பிடித்துக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். கிடைமட்டமாக ஓடும் கொடியில் போய் முட்டினால் அது ஜின்செங் இல்லை. இலையுதிர் காலத்தில் கொடியின் இலை சிவக்கும், ஜின்செங் மஞ்சளாகும். கொடியின் பழம் கருநீலம், அது நச்சு.

அடுத்தது காட்டு சர்சபரில்லா. ஜின்செங்கின் சொந்தக் குடும்பமே, அதனால் சாயல் இருப்பதில் வியப்பில்லை. குளிர் கூடிய வடக்குக் காடுகளிலும் உயர்ந்த மலைகளிலும் இது நிறைய. மண்ணிலிருந்து ஒரு காம்பு எழுந்து உச்சியில் மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று முதல் ஐந்து சிற்றிலைகள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மூன்றிலை ஜின்செங்தான்! கிட்டே போனால் இரண்டு வேறுபாடுகள் தெரியும். இதன் சிற்றிலைகள் ஒரே புள்ளியில் சேராமல் காம்பு நெடுக எதிரெதிராக அமைந்திருக்கும். பூந்தண்டோ இலைகளின் நடுவிலிருந்து வராது. மண்ணிலிருந்து தனியாகக் கிளம்பி இலைகளுக்கு அடியில் ஒளிந்து நிற்கும், பழம் கருமையாகும்.

ஹிக்கரி, பக்-ஐ போன்ற மரங்களின் கன்றுகளும் குழப்பும். தண்டைத் தொட்டுப் பாருங்கள், கட்டை போல இருந்தால் அது மரக்கன்று. குட்டை ஜின்செங் என்று ஓர் உறவினரும் உண்டு. சிற்றிலைக்குக் காம்பே இருக்காது, வசந்தத்தில் பூத்துக் கோடைக்குள் மறைந்துவிடும்.

பழம் சிவப்பு என்பதை மட்டும் நம்பினால் ஆபத்து. ஜாக்-இன்-தி-புல்பிட் என்ற செடியின் பழமும் சிவப்பு. ஆனால் அது சோளக்கதிர் போல நெருக்கமாக அடுக்கியிருக்கும், இலையும் மூன்றே சிற்றிலை, ஓரத்தில் பல் கிடையாது. அதன் கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். சிவப்புப் பேன்பெரி என்ற இன்னொரு செடியின் பழம் இன்னும் கொடிய நச்சு.

சிவப்புப் பழத்துக்கு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியப் பகுதியில் ஜின்செங்கைப் பார்த்த ஜார்த்து என்ற இயேசு சபைக் குரு 1711-ல் அதை விவரித்துக் கடிதம் எழுதினார், கனடாவிலும் இருக்கக்கூடும் என்று ஊகித்தார். அதைப் படித்த லாஃபித்தோ என்ற இன்னொரு குரு, கனடாவின் மாண்ட்ரியால் அருகே மோஹாக் என்ற பூர்வகுடி மக்களிடையே வாழ்ந்தவர், மாதக்கணக்கில் தேடி 1716-ல் கண்டுபிடித்தார். அவர் கண்ணை இழுத்தது பழுத்த பழத்தின் சிவப்புதான். ஆனால் அவர் அதோடு நிற்காமல் ஒரு மோஹாக் பெண்ணிடம் காட்டினார். தங்கள் மருந்துச்செடிதான் என்று அந்தப் பெண் உடனே அடையாளம் சொன்னார். கண்டுபிடித்த பெருமையில் அந்தப் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்பேன். அதன்பின் வணிகம் பெருகியது. 1784-ல் நியூயார்க்கிலிருந்து சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் புறப்பட்ட ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ கப்பலின் முக்கியச் சரக்கே ஜின்செங்தான்.

தோண்டித் தோண்டி இன்று செடி அரிதாகிவிட்டது. 1975 முதல் அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், அதாவது கட்டுப்பாட்டோடு மட்டும் வணிகம் செய்யக்கூடியவற்றின் பட்டியலில், இருக்கிறது. காட்டு வேரை ஏற்றுமதிக்கு எடுக்க அனுமதி உள்ள அமெரிக்க மாநிலங்கள் 19. அங்கும் பருவம் உண்டு, பெரும்பாலும் செப்டம்பர் 1-ல் தொடங்கும். ஏற்றுமதிக்குப் போகும் வேருக்கு ஐந்து வயதாவது இருக்க வேண்டும். கிரேட் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவில் தோண்டவே கூடாது.

வயதை எப்படித் தெரிந்துகொள்வது? தண்டு ஆண்டுதோறும் உதிரும்போது வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விழும். வேரைப் பிடுங்காமல் கழுத்துப் பக்க மண்ணை மட்டும் விரலால் விலக்கி எண்ணலாம். இளசாக இருந்தால் மண்ணை மூடிவிட்டு நடையைக் கட்டுங்கள். எடுக்கும் வயதுச் செடியானாலும், பழங்களைப் பிதுக்கி விதையை அதே இடத்தில், சருகை விலக்கி, விரல்கணு ஆழத்தில் ஊன்றிவிட்டு வர வேண்டும். பல மாநிலங்களில் அது சட்டமே. அடுத்த வசந்தத்தில் முளைக்கவில்லையே என்று தேடாதீர்கள், அதற்கும் அடுத்த வசந்தத்தில்தான் வரும். முதலாண்டு நாற்றுக்கு மூன்றே சிற்றிலை, பார்க்கக் காட்டு ஸ்ட்ராபெரி மாதிரியே இருக்கும். மிதித்துவிடாமல் நடங்கள்.

நன்றி, வணக்கம்.