14 கோர் ஒர்க்ஸ்டேஷனை 6 கோர் ஐ5 அடித்துத் தூக்குகிறது! கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் காசு கொடுக்கும் முன் பாருங்கள்

2016-ல் வந்தபோது 1,745 டாலர் விலை போட்ட ஒரு ப்ராசஸர். 2022-ல் 192 டாலருக்கு வந்த இன்னொரு ப்ராசஸர். இரண்டிலும் ஒரே கல்யாண வீடியோவைப் போட்டால் எது ஜெயிக்கும்? 192 டாலர்தான். ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

வணக்கம் மக்களே! கிருஷ்ணகிரி, தர்மபுரி, காவேரிப்பட்டணம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பிகள் அதிகம் கேட்கிற கேள்வி இது: "அண்ணா, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் எச்பி இசட்440 ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது, 14 கோர் ஜியான், 64 ஜிபி ராம் என்கிறார்கள், எடுக்கலாமா, இல்லை கொஞ்சம் கூடப் போட்டு புது ஐ5 அசெம்பிள் பண்ணலாமா?"

முன்கதை சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒர்க்ஸ்டேஷன் என்றால் கனமான வேலைக்கென்று செய்த கம்ப்யூட்டர், ஜியான் அதற்கென்று இன்டெல் செய்கிற ப்ராசஸர், கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற மூளை. பெரிய கம்பெனிகள் டிசைன் வேலைக்கு வாங்கி, சில வருடம் ஓட்டிக் கழித்துவிடுகிற மெஷின்கள்தான் இப்படிச் சந்தைக்கு வருகின்றன. தரமான பெட்டி, அதில் சந்தேகமே வேண்டாம்.

(திரையில்: இரண்டு ப்ராசஸரும் பக்கத்தில் பக்கத்தில்)

ஜியான் இ5-2680 வி4, அந்த 1,745 டாலர்காரர்: 14 கோர், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஐ5-12400, அந்த 192 டாலர்காரர்: 6 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ். ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ5 ஏறக்குறைய இரண்டு மடங்கு. போட்டோஷாப்பில் ஆல்பம் டிசைன் செய்யும்போது பெரும்பாலும் உழைப்பது ஒன்றிரண்டு கோர்தான், அதனால் அங்கேயே பாதி ஆட்டம் முடிந்தது. சரி, எல்லாக் கோரையும் சேர்த்து ஓடவிட்டால்? கிட்டத்தட்ட சமம்! 14 கோரும் 6 கோரும் சமம்! எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான்.

இப்போது வருகிறேன் முக்கியமான இடத்துக்கு, தள்ளி விடாமல் பாருங்கள். சோனி ஏ7 IV மாதிரி கேமராவில் எச்.265, 10 பிட், 4:2:2 என்று எடுக்கிறோம். எச்.265 வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கிற முறை, மற்ற இரண்டும் எவ்வளவு கலர் விவரம் பதிகிறது என்பதற்கான கணக்கு. கலர் அருமையாக வரும். ஆனால் அந்த ஃபைலைப் பிரித்து ஓட்டுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரம். இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்து ப்ராசஸருக்குள் இருக்கிற கிராபிக்ஸிலேயே இதற்குத் தனி வன்பொருள் உண்டு, பெயர் குயிக் சிங்க். நம் ஐ5-12400 12-ம் தலைமுறை, அதனால் இதில் உண்டு. ஜியான் இ5-ல் உள் கிராபிக்ஸே கிடையாது. 14 பேர் உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதற்கும் கிரைண்டருக்கு சுவிட்ச் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முகூர்த்தக் காட்சியைத் தேடி டைம்லைனை, அதாவது எடிட்டிங்கில் கிளிப்புகளை வரிசையாக வைக்கிற பட்டையை, நகர்த்தினால் ஒன்று திக்கித் திக்கி நிற்கும், இன்னொன்று கையோடு ஓடும்.

"நான்தான் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போடுகிறேனே" என்பீர்கள். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை கார்டுகள் 4:2:2-ஐ வன்பொருளில் பிரிக்காது! என்விடியாவில் அது 50 வரிசையில்தான் வந்தது. காசைக் கொட்டி கார்டு போட்டும் டைம்லைன் தடுமாறுவது இதனால்தான், கடையில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இன்னும் மூன்று விஷயம் இதிலேயே இருக்கிறது. 12400எஃப் என்று விலை குறைத்துத் தருவார்கள், அந்த எஃப் இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை, வாங்காதீர்கள். தனி கார்டு போட்டால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற அடிப்படை செட்டிங்கில்) ஐஜிபியு மல்டி மானிட்டரை, அதாவது உள் கிராபிக்ஸும் சேர்ந்து ஓடுகிற வசதியை, ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் குயிக் சிங்க் தூங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் சோனி கேமராவில் பதிவு முறையை எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று வையுங்கள், அதுதான் எச்.265. எக்ஸ்ஏவிசி எஸ்-ல் 4:2:2 எடுத்தால் அது எச்.264, அதற்கு இந்த ஐ5-லும் உதவி கிடையாது.

மேக் மினி எம்4? 2024-ல் 59,900 ரூபாய்க்கு வந்தது, இந்த ஃபைலை அழகாக ஓட்டும். ராம் மட்டும் பிறகு ஏற்றவே முடியாது, வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஒர்க்ஸ்டேஷன் வீணா என்றால் இல்லவே இல்லை. எட்டு ராம் ஸ்லாட், இரண்டு பெரிய கார்டு போட இடம் இருக்கிறது. கிரானைட் ஷோரூமுக்கு 3டி இன்டீரியர் ரெண்டர் (டிசைனை முழுப் படமாக்குவது) செய்து தருகிறவருக்கு இசட்440 நல்ல பேரம். ஓசூரில் சாலிட்ஒர்க்ஸ் என்கிற இயந்திர பாக டிசைன் மென்பொருள் ஓட்டுகிறவர்களுக்கு மறுபடியும் ஒற்றைக் கோர் வேகம்தான் முக்கியம்.

ஆனால் இசட்440-ல் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி) போனால் எச்பிக்கென்றே உள்ளதைத்தான் தேட வேண்டும், சாதாரண எஸ்எம்பிஎஸ் அப்படியே மாட்டாது. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இந்த ஜியான் இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஜியான் 120 வாட், ஐ5 65 வாட், மேலே பெரிய கார்டும் போட்டு ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் 600 விஏ யுபிஎஸ் தாங்காது.

எஸ்.பி. ரோடு போனாலும் சரி, நம் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, உங்கள் கேமராவில் எடுத்த கிளிப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், காசு கொடுக்கும் முன் அங்கேயே டைம்லைனில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். டைம்லைன் தடுமாறுகிறவர்கள் கேமரா மாடல், ப்ராசஸர், கார்டு மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் போடுகிறேன்.