சக்கரத்துக்கு வைத்த கல்

வணக்கம் நேயர்களே. ஏற்காடு மலைப்பாதையில் லோடு லாரி மக்கர் பண்ணி நின்றால் கிளீனர் முதலில் என்ன செய்வார்? குதித்து இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். ரயிலுக்கும் ஒருமுறை அப்படித்தான் வைத்தார்கள்.

1889 ஜூன் 12. அயர்லாந்தில் அர்மா என்ற ஊர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிய ரயில், 15 பெட்டி. பாதை 75 அடிக்கு ஓரடி ஏற்றம். நம் மலை பஸ்ஸுக்கு அது ஏற்றமே இல்லை; இரும்பின் மேல் இரும்பு உருளும் ரயிலுக்கு அதுவே மலை. உச்சியை நெருங்கும்போது என்ஜின் நின்றுவிட்டது. முன் 5 பெட்டியை முதலில் கொண்டுபோய் விட்டு வரலாம் என்று ரயிலை இரண்டாகக் கழற்றினார்கள். பின்னால் நின்ற 10 பெட்டிக்குப் பிடிமானம்? கடைசி வண்டியில் ஒரு கைபிரேக், சக்கரத்தடியில் சில கற்கள்.

ரயில் முழுக்க வேக்குவம் பிரேக் இருந்ததே என்பீர்கள். இருந்தது. என்ஜின் காற்றை உறிஞ்சினால்தான் அது பிடிக்கும். குழாயைக் கழற்றினால் விட்டுவிடும். கழற்றியாயிற்று. என்ஜின் புறப்படும்போது லேசாகப் பின்னுக்கு வந்து இடித்தது, கல் நொறுங்கியது. 10 பெட்டியும் இறக்கத்தில் ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். நிறையப் பேர் குழந்தைகள்.

மூன்று மாதத்துக்குள் சட்டம் வந்தது: பயணிகள் ரயிலில் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம். வெஸ்டிங்ஹவுஸ் என்ற பொறியாளர் அமெரிக்காவில் 1870-களிலேயே அதைச் செய்துவிட்டார். காசு போட்டு மாட்டத்தான் கம்பெனிகளுக்கு மனம் வரவில்லை.

வெஸ்டிங்ஹவுஸ் பிரேக்கில் கணக்கே தலைகீழ். குழாயில் காற்று இருந்தால் பிரேக் விடும், காற்று போனால் பிடிக்கும். திரும்பவும் சொல்கிறேன்: போனால்தான் பிடிக்கும். சேலம் ஜங்ஷனில் பிளாட்பாரத்திலிருந்தே இரண்டு பெட்டிக்கு நடுவே பாருங்கள், ரப்பர் குழாய் தொங்கும். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். பெட்டி அறுந்தால் குழாய் பிய்யும், இரண்டு பாதியும் நிற்கும். சங்கிலியை இழுத்தாலும் வெளியேறுவது அதே காற்றுதான்.

இதற்கும் ஒரு கண்டம் உண்டு. நடுவில் ஒரு காக், அதாவது குழாயை அடைக்கும் திருகு, மூடிக்கிடந்தால் அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு டிரைவரின் பிரேக் போகாது. அதனால்தான் கிளம்புமுன் டிரைவர் அழுத்தத்தைக் குறைப்பார், கடைசி வண்டியில் கார்டு மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்காவிட்டால் வண்டி நகரக் கூடாது.

நேரம் ஆயிற்று என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: அர்மாவில் பின்னால் வந்த அந்த ரயிலை எப்படி விட்டார்கள்? கடிகாரத்தைப் பார்த்து. இத்தனை நிமிஷம் ஆனால் அடுத்த வண்டி, அவ்வளவுதான். முன்வண்டி போய்ச் சேர்ந்ததாகச் சேதி வந்தபிறகே அடுத்ததை விட வேண்டும் என்பதையும் அதே சட்டம்தான் கட்டாயமாக்கியது. ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியை மட்டும் விடும் டோக்கன் கருவி பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.