சுரங்கத்தை விட குப்பையில தாமிரம் அதிகம்! அப்புறம் ஏன் யாரும் எடுக்கல?

[திரையில்: உருக்காலைக்குப் பின்னால் கறுப்புக் கசடு மேடு]

இன்னிக்குப் பல தாமிரச் சுரங்கங்கள்ல ஒரு டன் பாறையை உடைச்சா 6 கிலோ தாமிரம்தான் தேறும். தாமிரத்தை உருக்கிப் பிரிச்சப்புறம் மிஞ்சுற இந்தக் கறுப்புக் கசடுல? டன்னுக்கு 5-லேருந்து 20 கிலோ வரை. அடுத்த கட்டத்துல காத்து ஊதிச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் உலையில வர்ற கசடுன்னா 40 கிலோவையும் தாண்டும். கூடவே கிட்டத்தட்ட 400 கிலோ இரும்பு! தோண்டுற செலவே கிடையாது. அப்புறம் ஏன் மலையா குவிஞ்சு கிடக்கு?

பின்னணியைச் சட்டுனு முடிச்சிடுறேன். தாதுல இருக்குற இரும்பைப் பிரிக்க உலையில சிலிக்கா மணல் போடுவாங்க. ரெண்டும் சேர்ந்து ஃபயலைட் ஆகி மேல மிதக்கும். அதுதான் கசடு.

"இரும்புதானே, காந்தத்தால இழுத்துடலாமே"ன்னு கமெண்ட் டைப் பண்றவங்க கொஞ்சம் நிறுத்துங்க. ஃபயலைட் சாதாரண காந்தத்துக்கு அசையாது. மேக்னடைட்ங்கிற இரும்பு ஆக்சைடா இருக்குற பங்குதான் ஒட்டும். அதுவும் ஃபயலைட்டோட பின்னிப்போய்க் கிடக்கும்.

[திரையில்: கசடுப் பானை, மேலே ஆவி]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கசடு எவ்வளவு வேகமா ஆறுதுங்கிறதுலதான் பாதி தலையெழுத்து இருக்கு. உருகின கசடைத் தண்ணியில பாய்ச்சினா கண்ணாடி மாதிரி கறுப்பு மணலாயிடும். உள்ளே தாமிர சல்ஃபைடு துளிகள் சில மைக்ரான் அளவுலயே உறைஞ்சு நின்னுடும். எவ்வளவு அரைச்சாலும் வெளியே வராது. அதையே பெரிய இரும்புப் பானையில ஊத்தி, 1000 டிகிரிக்குக் கீழ போற வரைக்கும் நிமிஷத்துக்கு ஓரிரு டிகிரின்னு ஆற விட்டா, துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும். அவசரப்பட்டு நடுவுல தண்ணி அடிச்சா? மேல்தோல் வெடிச்சு, உள்ளே இன்னும் உருகி இருக்குற கசடுல தண்ணி இறங்கும். நீராவி வெடிப்புதான். பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது.

ஆறினதை உடைச்சு, 80 சதவீதம் 45 மைக்ரானுக்குக் கீழ வர்ற வரைக்கும் அரைச்சு, தாமிர சல்ஃபைடைக் காத்துக் குமிழியோட ஒட்ட வைக்கிற சாந்தேட்ங்கிற ரசாயனம் போட்டு நுரையில மிதக்க வைப்பாங்க. ரெண்டு சிக்கல் உண்டு. தனித் தாமிர மணிகள் அரவை மில்லுல உடையாது, தட்டையாகித் தகடாயிடும். அதைத் தனியா ஈர்ப்பு முறையில பிடிக்கணும். ஆக்சைடா மாறின தாமிரம் சாந்தேட்டைக் கண்டுக்கவே கண்டுக்காது. சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு சேர்த்து மேற்பரப்பை சல்ஃபைடாக்கினாதான் கொஞ்சமாவது மிதக்கும். இவ்வளவு பண்ணியும் கழிவுல 0.3, 0.4 சதவீதம் தாமிரம் தங்கிடும்.

சரி, இரும்பு? கார்பன் போட்டு மின்உலையில குறைச்சா, அதாவது ஆக்சிஜனைப் பிரிச்சு எடுத்தா, வரும். சுண்ணாம்பும் சேர்த்தா அது சிலிக்காவைப் பிடிச்சுக்கிட்டு இரும்பை விடுவிக்கும். ஆனா கணக்குப் போடுங்க: 100 டன் கசடுல 40 டன் இரும்பு, 1 டன் தாமிரம். ரெண்டும் ஒண்ணா இறங்கினா உலோகத்துல சுமார் 2.4 சதவீதம் தாமிரம். அந்த இரும்பை சூடா உருட்டினா மேற்பரப்பு ஆக்சைடுக்கு அடியில தாமிரம் உருகிச் சேர்ந்து, விரிசல் விடும். முதல்ல நுரையில தாமிரத்தை எடுத்துட்டு மீதியைக் குறைச்சா 1 சதவீதத்தை ஒட்டி வரும். அதோட சம அளவு சுத்தமான இரும்பைக் கலந்தா சுமார் 0.5. வானிலையைத் தாங்குற எஃகுக்குத் தேவைப்படுற தாமிரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! குறையையே சரக்காக்கறதுன்னா இதுதான்.

[திரையில்: ஜாம்பியா வரைபடம்]

இதுல பெரிய ஆட்டம் ஆடினது ஜாம்பியாவோட சம்பிஷி ஆலை. இன்கானாங்கிற இடத்துல இருந்த கசடு மேட்டுல கோபால்ட் சராசரியா முக்கால் சதவீதம் இருந்தது. 2001-ல 40 மெகாவாட் நேர்மின்னோட்ட வில் உலையை ஓட்ட ஆரம்பிச்சாங்க. கார்பனைக் கணக்காப் போடுறதுதான் வித்தை. தாமிரம் முதல்ல உலோகமா மாறும், அடுத்து நிக்கல், கோபால்ட், கடைசியா இரும்பு. கார்பன் கம்மின்னா கோபால்ட் கசடுலயே தங்கிடும், ஜாஸ்தின்னா இரும்பா வந்து குவியும். வர்ற உலோகக்கலவையை உடைக்க முடியாது, அவ்வளவு முரடு. அதனால உருகி விழுற தாரையில உயர் அழுத்தத் தண்ணி அடிச்சு பொடியாக்கி, அழுத்தத்துல கந்தக அமிலத்துல கரைச்சாங்க.

"உலையே வேணாம், கசடையே நேரா அமிலத்துல போடலாமே"ன்னா போடலாம். ஃபயலைட் கரைஞ்சு சிலிக்கா கூழாகி, மொத்தத் தொட்டியும் பசையா நின்னுடும். ஃபில்டர்ல ஒரு சொட்டு இறங்காது. தண்ணியைக் குறைச்சு, அமிலத்தை நேராக் கலந்து முதல்ல கெட்டியாக்கிட்டு, அப்புறம் தண்ணி விட்டா சிலிக்கா வடிகட்டுற மாதிரி திரளும். 200 டிகிரியைத் தாண்டின ஆட்டோகிளேவ்ல, அதாவது மூடின அழுத்தக் கலன்ல, ஆக்சிஜன் விட்டாலும் சரி, அங்கே இரும்பு ஹெமடைட்ங்கிற ஆக்சைடா வெளியே விழுந்து அமிலமும் மிச்சமாகும்.

துத்தநாகம்? அது உலையிலயே ஆவியாகிப் புகையோட போயிடும். பை வடிகட்டியில ஆக்சைடு தூளா மாட்டும். தனி வீடியோ வேணும்னா கமெண்ட்ல "துத்தநாகம்"னு போடுங்க.