டூலூத்தின் ஐந்து கோப்பைகள்

அவையோருக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கி என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நியாயம்தான். நமக்கு ஐஸ் என்றால் சர்பத்துக் கடையோடு சரி. ஆனால் பெண்கள் அணிகளைப் பயிற்றுவிக்கும் இத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் ஷானன் மில்லரைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிறந்தவர். கால்கரி நகரில் போலீஸ்காரராக இருந்தவர். 1998-ல் ஜப்பானின் நாகானோவில், ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டபோது கனடா அணிக்கு அவர்தான் கோச். அந்த நாட்டின் பெரிய நட்சத்திரமான ஏஞ்சலா ஜேம்ஸை அணியில் சேர்க்காமல் விட்டு ஏச்சும் வாங்கினார். இறுதிப் போட்டியில் அமெரிக்காவிடம் 3–1 என்று தோல்வி. கிடைத்தது வெள்ளிதான். ஹாக்கியைத் தங்கள் வீட்டுச் சொத்தாக நினைக்கும் கனடாக்காரர்களிடம் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டூலூத் வளாகம் அவரை அழைத்தது. சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் துறைமுக ஊர் அது. பெண்கள் அணி என்று ஒன்று அங்கே கிடையாது. கோச் வந்துவிட்டார், அணியைத்தான் காணோம்!

உள்ளூரில் தேறிய பெண்களுக்குப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே வலை வீசிக்கொண்டிருந்தன. மில்லர் கடல் தாண்டிப் பார்த்தார். ஸ்வீடனிலிருந்து மரியா ரூத், எரிகா ஹோல்ஸ்ட். பின்லாந்திலிருந்து கோல்கீப்பர் தூலா புபுட்டி. மற்றவர்கள் எட்டிப் பார்க்காத இடங்களிலிருந்து ஆள் சேர்த்தார். 1999-ல் ஆடத் தொடங்கிய அணி, 2001-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. முதன்முதலாக நடத்திய பெண்கள் தேசியப் போட்டியிலேயே கோப்பையைத் தூக்கியது. 2002-லும் தூக்கியது.

2003 இறுதிப் போட்டி டூலூத்திலேயே நடந்தது. எதிரே ஹார்வர்ட். 3–3. இந்த ஆட்டத்தில் கூடுதல் நேரம் என்பது நெஞ்சை அடைக்கும் விஷயம். யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். முதல் கூடுதல் நேரத்தில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவதில் பின்லாந்துப் பெண் நோரா டல்லஸ் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, வலைக்குள் தள்ளினார். மூன்றாவது கோப்பை! 2008-ல் நான்காவது. 2010-ல் ஐந்தாவது, அதற்கு கார்னல் பல்கலைக்கழக அணியோடு மூன்றாவது கூடுதல் நேரம்வரை போராட வேண்டியிருந்தது. அதுவும் முடிய அரை நிமிடம் இருக்கும்போதுதான் அந்த கோல் விழுந்தது.

இடையில் ஒன்று. 2006 டூரின் ஒலிம்பிக் அரையிறுதியில் ஸ்வீடன் அமெரிக்காவைத் தோற்கடித்தது. அன்று ஸ்வீடனுக்காக இரண்டு கோல் போட்டவர் யார்? டூலூத்தில் மில்லரிடம் பயின்ற அதே மரியா ரூத். அமெரிக்கக் கல்லூரிப் பணத்தில் தேறிய பெண் அமெரிக்காவையே இறுதிப் போட்டிக்குப் போகவிடாமல் நிறுத்தினார். எனக்கு இது மிகவும் பிடித்த கதை.

இனி கசப்பான பகுதி. 2014 டிசம்பரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, மில்லரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். அன்று சொன்ன காரணம் பணம். பெண்கள் கல்லூரி ஹாக்கியில் அதிகச் சம்பளம் வாங்கியவர் அவர். பல்கலைக்கழகத்தின் தரப்பில் பிறகு ஆட்ட முடிவுகளையும் காட்டினார்கள். அது பொய்யில்லை, 2011-க்குப் பிறகு அவர் இருந்தவரை அந்த அணி தேசியப் போட்டிக்குள் நுழையவில்லை. ஆனால் ஐந்து கோப்பை வாங்கித் தந்தவர் எந்தக் கணக்கில் திடீரென்று 'கட்டுப்படியாகாத' ஆளாகிறார்? ஆண்கள் அணியின் கோச்சுக்கும் இதே தராசுதானா? மில்லர் இதைத்தான் நீதிமன்றத்தில் கேட்டார். படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம இடம் கோரும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், டைட்டில் நைன், அவர் கையில் இருந்தது.

2018 மார்ச்சில் ஜூரி தீர்ப்பளித்தது. பெண் என்பதால் பாகுபாடு நடந்தது, சமத்துவம் கேட்டுப் புகார் சொன்னதற்காகப் பழிவாங்கலும் நடந்தது என்று சொல்லி, சுமார் 37 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. சம்பளத்தை மிச்சப்படுத்தப் போனவர்களுக்கு ஜூரி சொன்ன தொகை அது.

2022-ல் டூலூத் பெண்கள் மறுபடி இறுதிப் போட்டிவரை வந்தார்கள். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம் 3–2 என்று தோற்றார்கள். ஆறாவது கோப்பை அன்றும் வரவில்லை.