ஒரு கோப்பை ஒயின்

நண்பர்களே, 'நிலநடுக்கத்தைக் கணிக்கத் தவறிய விஞ்ஞானிகளுக்கு இத்தாலியில் சிறைத்தண்டனை' என்ற செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். நானும் படித்துக் கொதித்தவன்தான். அப்புறம்தான் தெரிந்தது, வழக்கு கணிப்பைப் பற்றியதே இல்லை.

லாக்விலா இத்தாலியின் மலைப்பகுதி ஊர். 1703-இல் நிலநடுக்கத்தில் நொறுங்கிப் போன ஊர். ராத்திரியில் தரை குலுங்கினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்துவிடுவது அங்கே தலைமுறைப் பழக்கம். காருக்குள்ளேயே தூங்கி எழுவார்கள். 2009 தொடக்கத்தில் சின்னச் சின்ன அதிர்வுகள் வாரக்கணக்கில் விடாமல் வந்தன. மார்ச் 31 அன்று நிபுணர் குழு அங்கே கூடியது. கூட்டம் தொடங்கும் முன்பே, குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது, அது நல்லதுதான் என்றார். 'அப்போ ஒரு கோப்பை ஒயின் குடிக்கலாமா?' என்று கேட்டார் நிருபர். தாராளமாக என்றவர், எந்த ஒயின் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சின்ன அதிர்வுகளால் ஆற்றல் தீர்ந்துவிடும் என்ற கணக்கே தப்பு. ரிக்டரில் 6 என்றால் 4-ஐவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆற்றல். ஆயிரம் நாலு வந்து போனால்தான் ஓர் ஆறு தீரும். அந்தச் சின்ன அதிர்வுகளோ பெரும்பாலும் நாலைக்கூடத் தொடவில்லை.

ஏப்ரல் 5 இரவு 11 மணி வாக்கில் தரை ஆடியது. வழக்கமாக வெளியே ஓடுகிற சிலர், அந்தப் பேட்டியை நம்பிப் படுக்கையிலேயே இருந்தார்கள். அதிகாலை 3:32-க்குப் பெரியது வந்தது. 6.3. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2012 அக்டோபரில், பேட்டி கொடுத்தவர் உட்பட அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழு பேருக்குத் தலா 6 ஆண்டு சிறை. இறந்தவர்களில் 29 பேர் அந்த ஆறுதல் பேச்சை நம்பித்தான் வீட்டுக்குள் இருந்தார்கள் என்றார் நீதிபதி. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேர் விடுதலையானார்கள். பேட்டி கொடுத்தவருக்கு மட்டும் 2 ஆண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சரி, இது நியாயமா? என்னைக் கேட்டால், ஆறு பேரை விட்டது சரி. எச்சரிக்காததற்குச் சிறை என்றால், அடுத்த முறை எந்த விஞ்ஞானியும் வாரம் ஒரு எச்சரிக்கை விட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். மூன்றாவது வாரம் ஊரில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் என் மனசு முழுக்க ஆறவில்லை. பெரிய நிலநடுக்கம் வரவே வராது என்று சொல்ல முடியாது என்பது கூட்டத்திலேயே பேசப்பட்ட விஷயம். 'தெரியாது, உங்கள் பாட்டி செய்ததையே செய்யுங்கள்' என்று அன்றைக்கே யாராவது மைக் முன்னால் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தது.